மதகு வந்தால் இறங்க வேண்டும்

பனித்திட்டில் மீன் ஏற்றிக்கொண்டு பாகூர் வழியாகக் கரையாம்புத்தூர் போவதுதான் என் பிழைப்பு. போவது ஒரே சாலைதான், ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு வந்துவிடும். அதைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. இந்தக் கோட்டை யார் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு என்பார்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு பாகம் பிரித்த நிலம்கூட இதைவிட ஒழுங்காக இருக்கும்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தினமும் இதில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சிரிப்பு வராது. பாகூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு மதகு வரும். மதகு வரைக்கும் எங்களுடையது. தாண்டினால் அவர்களுடையது. அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பு, ஒரு செங்கல் சூளை, ஒரு வளைவு. வளைவில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே டீசல் புதுச்சேரி விலைக்குக் கிடைக்கும், அதனால் பங்க் எங்களுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பங்க் தாண்டி ஒரு புளியமரம். புளியமரத்திலிருந்து முழுசாக எங்கள் ஊர்தான். போர்டு பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொண்டவர் யாருமில்லை. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வருகிறவன் மதகு வந்ததும் எடுத்துத் தலையில் மாட்டுவான். புளியமரம் வந்ததும் கழற்றுவான். எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள அது போதும்.

என்னிடம் இருப்பது சின்ன லோடு வண்டி. ஊரில் குட்டியானை என்பார்கள். முன்னால் டிரைவரைத் தவிர இன்னும் ஒருவர் உட்காரலாம், பின்னால் சரக்கு மட்டும்தான். சட்டம் அப்படி. ஆனால் கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் கொட்டி, ஐஸ் தூவி, கோணியை நனைத்து மூடிவைத்துக்கொண்டு ஆறேழு பெண்கள் நிற்கும்போது, 'கூடையை மட்டும் கொடுங்கள், நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்' என்று எந்த மனுஷன் சொல்லுவான்? அந்த நேரத்துக்கு அங்கே பஸ்ஸும் கிடையாது. அப்புறம் வருகிற பஸ்ஸிலும் மீன் வாடை அடிக்கிறது என்று கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயலுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்குள் கரையாம்புத்தூரில் போய் உட்கார்ந்தால்தான் வியாபாரம். அதனால் அவர்கள் பின்னால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவார்கள். முன் சீட்டு மட்டும் முறை வைத்து ஒரு நாளைக்கு ஒருவருக்கு.

மதகு வந்தால் நான் வண்டியை ஓரம் கட்டுவேன். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். நான் மீனையும் முன் சீட்டில் இருப்பவரையும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டைக் கடந்து புளியமரத்தடியில் போய் நிற்பேன். அவர்கள் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். இறங்குங்கள் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் மதகுக்கு அப்பால் போலீஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர்களாகவே குதித்து இறங்கினார்கள். அப்புறம் போலீஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும் இறங்குவது வழக்கமாகிவிட்டது.

அவர்களில் ஒரு அக்கா சிவப்புக்கல் மூக்குத்தி போட்டிருப்பார். அவர் வாயில் விழுந்து எழுந்தவன் கரையில் யாரும் இல்லை. புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தினமும் அதே கேள்வியைக் கேட்பார்.

"இன்னாபா, லைசன்ஸ் பத்திரமா கீதா?"

"பத்திரமா கீதுக்கா, ஏறுங்க" என்பேன். அதற்குள் நான் பிளாஸ்கைத் திறந்து பாதி டீ குடித்து முடித்திருப்பேன்.

எல்லாரிலும் மூத்தவர் ஒரு பெரியம்மா. சுனாமிக்கு முன்னாலிருந்தே தலைச்சுமையாக மீன் விற்றவர். அவர் மட்டும் தன் முறை வந்தாலும் முன் சீட்டில் உட்கார மாட்டார். "மீனு அங்க, நா இங்கயா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் ஏறி, தன் அன்னக்கூடை விளிம்பில் ஒரு கையை வைத்தபடியே வருவார். தன் கவளை மீனை யாராவது தங்கள் கூடைக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவருக்கு ஓயாத சந்தேகம். மூக்குத்தி அக்கா கேலி செய்தால், "ஒன்ன நம்பறதுக்கு அந்தக் கடல நம்பிட்டுப் போவேன்" என்பார். கூடை விஷயத்தில் அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அன்றைக்கு அவருக்கு முட்டி வீங்கியிருந்தது. கரையில் ஏறும்போதே இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். "முன்னாடி குந்துங்க பெரியம்மா" என்று நானும் சொன்னேன், கேட்டால்தானே. மதகில் எல்லாரோடும் இறங்கினார். நான் வழக்கம்போலப் புளியமரத்தடிக்குப் போய் பிளாஸ்கைத் திறந்தேன். கண்ணாடியில் பார்த்தால் மற்றவர்கள் பங்க் வரைக்கும் வந்துவிட்டார்கள், ஆனால் அதற்குமேல் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா பங்க்குக்கு எதிரே சாலை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சுற்றி நிற்கிறார்கள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். பங்க் வாசலில், சாலை ஓரமாக நிறுத்தி எல்லாரையும் ஏறச் சொன்னேன். புதுச்சேரி பங்க் முன்னால் ஏற்றினால் புதுச்சேரியில் ஏற்றியதுதானே? எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. அப்போதும் முன் சீட்டு வேண்டாம் என்ற பெரியம்மாவைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"வண்டிய எடுக்காத. லைசன்ஸ எடு."

அந்தப் பக்கத்துச் சப் இன்ஸ்பெக்டர். வயதில் என்னைவிடச் சின்னவர். எனக்குக் கோபம் மூக்கு மேல்தான் இருக்கும், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

"நீங்க எப்படி சார் இங்க கேக்கலாம்? இது புதுச்சேரி" என்றேன்.

"எது புதுச்சேரி?"

"பங்க்க பாருங்க சார்."

அவர் பங்க்கைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என் டயரைப் பார்த்தார். "பங்க்கு உங்களுது. நீ நிக்கிற ரோடு எங்களுது" என்றார். "நாலு அடி உள்ள தள்ளி நிறுத்தியிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

இத்தனை வருஷம் அந்த வழியில் ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது. மூக்குத்தி அக்காவுக்கும் தெரியாது. பெரியம்மா பின்னாலிருந்து, "என் காலுதான் சார் நோவு, அவன வுடுங்க சார்" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார். சப் இன்ஸ்பெக்டர் தன் பைக்கிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தார். "குடி ஆயா. கும்பிடாத" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதே வளைவுல ஒரு லோடு வண்டி கவுந்து, பின்னாடி இருந்தவங்கள நான்தான் தூக்கினேன். அதனாலதான் இங்கயே நிக்கிறேன். எழுதாம வுட முடியாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. கையிலிருந்த மெஷினில் என் லைசன்ஸ் நம்பரைத் தட்டினார், என்னையும் வண்டியையும் பின்னால் இருந்தவர்களையும் படம் எடுத்தார்.

அபராதத்தை அந்த வாரமே கட்டினேன். விட்டது சனி என்று நினைத்தேன். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அவனும் டிரைவர்தான், அவன் வேறு தைரியம் சொன்னான். "மாமா, லைசன்ஸ் நம்ம ஆபீஸ்ல எடுத்தது. வண்டி நம்ம நம்பரு. அந்த ஊருக்காரங்க காசு வாங்கலாம், அதுக்கு மேல இன்னா பண்ண முடியும்?" கேட்க நன்றாக இருந்தது. டீக்கடையிலும் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

மழை விட்ட ஒரு நாள் தபால் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து இல்லை, லைசன்ஸ் கொடுத்த எங்கள் ஆபீஸிலிருந்தேதான். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றியதாக அண்டை மாநிலத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது, உமது லைசன்ஸை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது, நேரில் வந்து சொல்லவும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான். லைசன்ஸ் இல்லாவிட்டால் நானும் அந்த வண்டியும் ஒன்றுதான், இரண்டும் சும்மா நிற்க வேண்டியதுதான். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். கத்தினேன்.

"அந்த ஊரு போலீசு எழுதினதுக்கு நம்ம ஆபீசு ஏன் கேக்குது?" என்றாள் மனைவி.

"அதான் எனக்கும் புரியல."

"புரியலன்னா போயி அவங்களக் கேளு. வூட்டுல கத்தினா லைசன்ஸ் வந்துடுமா?"

மறுநாள் கரையில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மூக்குத்தி அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நீ தனியா போவாத. ஒன்ன பத்தி நாலு வார்த்தை நாங்க வந்து சொல்றோம். நம்ம ஆபீசு, நம்ம ஆளுங்க, கேக்க மாட்டாங்களா?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பெரியம்மா கவளை மேல் ஐஸைப் பரப்பிக்கொண்டே இருந்தார்.

விசாரணை நாளன்று நான் போவதற்கு முன்னாலேயே அவர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை, தலையில் பூ. அன்றைய வியாபாரத்தையே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க வேண்டியதில்லை. எனக்காக ஒரு ஆபீஸ் வாசலில் இத்தனை பேர் நின்றது அதுதான் முதல் தடவை.

அதிகாரி நல்ல மனுஷர். எல்லாரையும் உள்ளே விட்டார். காகிதங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு ஒரு நாள், உடம்பு சரியில்லாத ஒருத்தங்கள அவசரத்துக்கு ஏத்தினீங்க. அப்படித்தானே?"

எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறார் என்று புரிந்துவிட்டது. ஆமாம் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மூக்குத்தி அக்கா முன்னால் வந்துவிட்டார்.

"இன்னா சார் ஒரு நாள்னு சொல்றீங்க? தெனம் ஏத்துவாரு சார். மழையில கூட ஏத்துவாரு. இத்தன வருசத்துல ஒரு நாளு முடியாதுன்னு சொன்னது கெடையாது. ஆறு பேரு வந்தாலும் ஏத்துவாரு, எட்டு பேரு வந்தாலும் ஏத்துவாரு. அந்த மாதிரி மனுசன் சார் இவரு."

மற்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, நீங்க கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னா நல்லது" என்றார்.

"ஏன் சார்? உண்மையத்தான சொல்றேன். போலீசு புடிக்கக் கூடாதுன்னு மதகாண்ட எறங்கி நாங்களே நடந்துடுவோம் சார். அவருக்கு ஒரு கஷ்டமும் வெச்சதில்ல."

அதிகாரி தண்ணீர் எடுத்துக் குடித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சிரிப்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்போதுதான் பெரியம்மா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எழுதறதுன்னா என் பேர எழுதுங்க சார். என் முட்டிதான் நோவு. அவன் புளியமரத்தாண்டதான் நின்னான். எனக்காவ திரும்பி வந்தான்" என்றார். அதிகாரி எழுந்து அவருக்கு நாற்காலி போடச் சொன்னார்.

உட்கார்ந்த பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "மூணு மாசம். அதுக்குக் குறைக்க எனக்கு வழி இல்லை."

நான் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு மனப்பூர்வமாகத்தான் கேட்டேன். "சார், தப்பு நடந்தது தமிழ்நாட்டுல. அந்த மூணு மாசம் அங்க மட்டும் ஓட்டாம இருக்கேன். மதகு வரைக்கும் நான் ஓட்டறேன், மதகாண்ட எறங்கி மச்சான்கிட்ட குடுத்துடறேன், புளியமரத்துல திரும்ப வாங்கிக்கிறேன்."

"லைசன்ஸ மதகாண்ட ரெண்டா வெட்ட முடியாதுங்க" என்றார் அவர். "நம்ம ஆபீஸ் குடுத்த லைசன்ஸ வெச்சிக்கிட்டு நீங்க காஷ்மீர் வரைக்கும் ஓட்டலாம். யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. அப்ப எங்க தப்பு பண்ணாலும் அது இங்க வந்துதானே சேரும்? அவங்க மெஷின்ல தட்டினா எங்க கம்ப்யூட்டர்ல நிக்குது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவங்க எழுதினதாலதான் இது தப்புன்னு நெனைக்காதீங்க. மதகுக்கு இந்தப் பக்கம் விழுந்தா மட்டும் அடிபடாதா?"

வெளியே வந்ததும் மூக்குத்தி அக்கா, "நல்லா பேசினேனா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லுவேன்? "நல்லா பேசினீங்கக்கா" என்றேன். பாவம், அவர் மனசாரத்தான் பேசினார். விஷயம் புரிந்தபோது அவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து மச்சான் வண்டியை ஓட்டினான். நாலு நாளுக்கு மேல் எனக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, கூடை ஏற்றி இறக்கவாவது போகலாம் என்று கிளம்பினேன். கரையில் கூடைகளை ஏற்றிவிட்டு முன் கதவைத் திறந்தால் மூக்குத்தி அக்கா கையை நீட்டி மறித்தார்.

"முன் சீட்டு மொறைப்படிதான். இன்னிக்கு இவ மொற. நீ பின்னாடி ஏறு."

"என் வண்டிக்கா இது."

"வண்டி ஒன்னுது. மொற எங்குளுது."

அப்படித்தான் என் வண்டியில் முதல் தடவையாகப் பின்னால் ஏறினேன். மச்சான் மோசமான டிரைவர் இல்லை, என்னைப் போலத்தான் ஓட்டுவான். ஆனால் பின்னால் உட்கார்ந்தால் அது வேறு வண்டி. பள்ளத்தில் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பிரேக் அடித்தால் கூடை நம் மேல் வருகிறது, இல்லை நாம் கூடை மேல் போகிறோம். ஐஸ் தண்ணீர் உட்காரும் இடமெல்லாம் ஓடி வேட்டி நனைந்துவிட்டது. ஒரு திருப்பத்தில் பக்கத்திலிருந்த பெண் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள், நான் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். இப்படியேதான் இவர்கள் இத்தனை வருஷமாக என் பின்னால் வந்தார்களா?

"இன்னாபா, ஒன் வண்டி சொகமா கீதா?" என்றார் மூக்குத்தி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

மதகு வந்தது. இறங்கினோம். மச்சான் போய்விட்டான். அந்தத் தூரத்தை நான் எத்தனையோ ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன், இப்போதுதான் நடக்கிறேன். ஒரு மர நிழல் கிடையாது. கரும்பு லாரி போகும்போது எல்லாரும் வரிசையாகப் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டும். சூளைப் பக்கம் புகை மூக்கில் ஏறுகிறது. அக்கா ஒருவர் செருப்பு அறுந்து கையில் எடுத்துக்கொண்டார். யாரும் அதையெல்லாம் ஒரு விஷயமாகப் பேசவில்லை. எந்த வீட்டில் கடனுக்கு மீன் கேட்பார்கள், யாருக்குக் கானாங்கத்தை பிடிக்காது என்றுதான் பேசிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சில் மனசு போகவில்லை. இது அவர்களுடைய லைசன்ஸ் இல்லை. என்னுடையது. நான் அங்கே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர்கள் அதைத் தினமும் நடந்தே காப்பாற்றியிருக்கிறார்கள்.

புளியமரத்தடியில் மூக்குத்தி அக்கா வழக்கத்தில் கேட்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மூணு மாசமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பெரியம்மா வியாபாரத்துக்கு வரவில்லை. விசாரணைக்கு அடுத்த நாளிலிருந்து வரவே இல்லை. முட்டி நோவு என்று சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து, தன் தெருவிலேயே வாசலில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள். மீன் பிடிக்கிற ஊரில் யார் வாசலில் மீன் வாங்குவார்கள்?

மூணு மாசம் முடிந்தது. அதற்கு முந்தின வாரமே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் பின்னால் யாரையும் ஏற்ற மாட்டேன், மதகுக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி என்று. மூக்குத்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லைசன்ஸ் போயிடும்னு பயமா?" என்றார். "இல்லக்கா. பின்னாடி குந்திப் பார்த்தேன், அந்த பயம்" என்றேன். பாகூரில் ஷேர் ஆட்டோ வைத்திருக்கும் ஒருவரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் கரைக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொள்வார், நான் கூடைகளை ஏற்றிக்கொள்வேன். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். முன் சீட்டு முறை இனி கிடையாது, அது பெரியம்மாவுக்கு என்று சொன்னபோது மட்டும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

லைசன்ஸ் திரும்பக் கிடைத்த முதல் நாள் பெரியம்மா வீட்டுக்கே போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே எழுந்து போகப் பார்த்தார்.

"வாங்க பெரியம்மா, வண்டி நிக்குது."

"நா வரல. நா ஏறினா ஒன் சோத்துல மண்ணு வுழுவுது."

"முன்னாடி குந்தினா ஒண்ணும் இல்ல. ஆபீசர்கிட்டயே கேட்டுட்டு வந்தேன். சட்டப்படி அது ஒரு ஆளுக்கு உள்ள சீட்டு."

"மீனு?"

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அவருடைய அன்னக்கூடையை அந்தக் கண்ணாடியை ஒட்டி வைத்துக் கயிறு கட்டினேன். முன்னால் உட்கார்ந்து திரும்பினால் கூடை தெரியும். அவர் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "செரி, போ" என்றார்.

ஷேர் ஆட்டோ முன்னால் போய்விட்டது. நாங்கள் பின்னால் போனோம். பாகூர் தாண்டும் வரைக்கும் அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மதகு கண்ணில் பட்டதும் பேச்சு நின்றது.

"நிறுத்து" என்றார்.

"எதுக்கு?"

"மதகு வந்துச்சி. நிறுத்து."

"பெரியம்மா, நீங்க எறங்க வேணாம். நீங்க முன்னாடி குந்தியிருக்கீங்க. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"பங்க்காண்டயும் நீ இப்படித்தான் சொன்ன."

அவர் கதவுப் பிடியை முறுக்க ஆரம்பித்துவிட்டார். ஓடுகிற வண்டியில் இறங்கிவிடுவாரோ என்று பயந்து நிறுத்தினேன். இறங்கினார். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, மதகைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். சட்டத்தைச் சொன்னேன், அதிகாரி பேரைச் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், கத்தினேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ போ" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். இறங்கி அவரோடு நடக்கலாம் என்றால் வண்டியை யார் ஓட்டுவது? மூணு மாசம் காத்திருந்து வாங்கிய லைசன்ஸ் சட்டைப்பையில் இருக்கிறது. முன்னால் போய் நிழலில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. முதல் கியரில் போட்டு, அவர் பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டிக்கொண்டே முந்தினார்கள். சூளையில் வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வளைவில் அதே சப் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏன்பா இப்படி ஊர்ற? வண்டியில என்ன கோளாறு?"

"வண்டி நல்லாதான் சார் கீது" என்று சொல்லிவிட்டு, முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியம்மாவைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வேகமாக நடந்து போய்ப் பெரியம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"ஆயா, ஏறிக்க. முன் சீட்டுல குந்திப் போலாம். நானே சொல்றேன், யாரும் எழுத மாட்டாங்க."

பெரியம்மா நின்று அவரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கும் தண்ணி குடுத்துட்டுத்தான எழுதின" என்றார். அவரைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் சாலை நடுவில் வந்து, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தினார். பெரியம்மாவும் நானும் வளைவைத் தாண்டும் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

பங்க் தாண்டிப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முகமெல்லாம் வேர்வை. நான் இறங்கி ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் ஏறவில்லை. முதலில் என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"லைசன்ஸ் பத்திரமா கீதாப்பா?"

மூக்குத்தி அக்கா கேட்பது போலக் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், என் போட்டோவைக் கட்டைவிரலால் துடைத்தார், என் பையிலேயே திரும்ப வைத்தார். அப்புறம்தான் ஏறி உட்கார்ந்து, திரும்பிக் கண்ணாடி வழியாகத் தன் கூடையைப் பார்த்துக்கொண்டார்.